காற்றும் கடலும் ஒரு மாணவரும்

கடலாராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நேயர்கள் பலரின் மனக்கண்முன் முத்துக் குளிப்போரும், மூழ்கிய கப்பல்களும், இருண்ட ஆழத்தில் ஒளிவீசித் திரியும் விசித்திர மீன்களும் தோன்றக்கூடும். இவையெல்லாம் கடலைச் சார்ந்தவையே. ஆயினும், பௌதிகச் சமுத்திரவியல் என்று அறிஞர் வழங்கும் துறை இவற்றுள் ஒன்றையேனும் தன் பொருளாகக் கொள்வதில்லை. அத்துறைக்குக் கடல் என்பது நீர். அந்நீர் எங்கிருந்து எங்கே செல்கின்றது, எத்துணை வேகத்துடன் செல்கின்றது, எதனால் உந்தப்படுகின்றது, அதன் வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் எவ்வாறு மாறுகின்றன என்பனவே அதன் வினாக்கள்.

இத்துறையிற் கலாநிதிப் பட்டத்தை நாடி உழைக்கும் மாணவர் ஒருவரின் வாழ்வு பிறர் எண்ணுவதுபோல அலைகளின் நடுவே கழிவதன்று. நான்கைந்து ஆண்டுகள் நீளும் அவ்வாராய்ச்சியிற் கப்பலில் நிற்கும் நாட்கள் சில வாரங்களாகவோ, மிஞ்சினால் சில மாதங்களாகவோ இருக்கும். எஞ்சிய காலமெல்லாம் எண்களோடும் சமன்பாடுகளோடும் கழிகின்றது. கடற்காற்றை விரும்பி வந்தவர்கள் சிலர் முதலாண்டிலேயே மனம் சலித்து விலகுவதற்கு இதுவே காரணம். நிலைத்து நிற்பவர்களைப் பிணித்து வைத்திருப்பது யாது என்பதை அறிய வேண்டுமாயின், ஏறத்தாழ நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் சுவீடன் தேசத்தில் வாழ்ந்த ஒரு மாணவரின் வரலாற்றை நோக்குதல் தகும். அவர் பெயர் வாகன் வால்பிரிட் எக்மன்.

கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை. பனிக்கட்டியிற் சிக்கிய ஒரு கப்பலிலிருந்து தொடங்குகின்றது. 1881ஆம் ஆண்டில் ஜெனற் என்னும் அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியால் நசுக்குண்டு மூழ்கியது. மூன்றாண்டுகளின்பின், அக்கப்பலைச் சேர்ந்த பொருட்கள் சில வடதுருவக் கடலின் மறுபுறத்திலே, கிறீன்லாந்தின் கரையருகிற் காணப்பட்டன. நோர்வே நாட்டு இளம் விஞ்ஞானியான பிரிஜொப் நான்சன் இதிலிருந்து ஓர் அனுமானத்துக்கு வந்தார்: துருவக் கடலின் பனிக்கட்டி முழுவதும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றது, அதனோடு ஒரு கப்பலை வேண்டுமென்றே உறையவிட்டால் அது தானாகவே துருவப் பகுதியைக் கடந்து மறுகரை சேரும். அனுபவம் மிக்க மாலுமிகள் பலர் இதனைத் தற்கொலை என்றே கருதினர். எனினும், பனிக்கட்டியின் நெருக்குதலால் நசுங்காது மேலெழும்பும் வண்ணம் உருண்ட அடிப்பாகத்துடன் பிராம் என்னும் கப்பல் கட்டப்பட்டது. 1893 ஜூன் மாதத்தில் அது புறப்பட்டது. செப்டெம்பர் மாதத்தில் உறைந்தது. 1896 ஓகஸ்ட் மாதத்தில், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளின்பின், விடுதலை பெற்றது.

நான்சன் கப்பலை விட்டு இறங்கிப் பனிக்கட்டியின்மீது துருவத்தை நோக்கிச் சென்ற வீரச்செயலை உலகம் இன்றும் நினைவிற் கொண்டுள்ளது. விஞ்ஞானத்துக்குக் கிட்டிய பெரும்பேறு, கப்பலில் நாள்தோறும் பொறுமையோடு எழுதப்பட்ட குறிப்புக்களேயாம். காற்று எத்திசையில் வீசியது, பனிக்கட்டி எத்திசையில் நகர்ந்தது என்பவை அவற்றிற் பதிவாகியிருந்தன. அவற்றை ஒப்பிட்ட நான்சன் வியப்படைந்தார். பனிக்கட்டி காற்றின் வழியே செல்லவில்லை. காற்று செல்லும் திசைக்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகியே அது சென்றது. ஒருநாளன்று, இருநாளன்று, எப்போதும் வலப்புறமே.

பூமியின் சுழற்சியே இதற்குக் காரணம் என்பதை நான்சன் உணர்ந்துகொண்டார். சுழலும் இராட்டினத்தில் இருந்தவாறு எதிரே இருப்பவரிடம் ஒரு பந்தை வீசினால், அது அவரிடம் செல்லாது ஒருபுறம் வளைந்து செல்வதாக வீசியவருக்குத் தோன்றும். பூமியும் ஓர் இராட்டினமே. அதன் வடபாதியில் அசையும் பொருட்கள் யாவும் வலப்புறமாகவும், தென்பாதியில் இடப்புறமாகவும் ஒதுக்கப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் ஆராய்ந்த விளைவு இது. நான்சன் மேலும் ஒருபடி சென்றார். மேற்பரப்பு நீர் காற்றுக்கு வலப்புறம் விலகுமாயின், அதனால் இழுக்கப்படும் அடுத்த படை அதற்கும் வலப்புறம் விலக வேண்டும். அதற்கடுத்தது இன்னும் விலக வேண்டும் அல்லவா? ஊகம் அழகியது, ஆயின் கணிதம் இல்லை. அக்காலத்தில் ஸ்டொக்ஹோம் நகரிற் பேராசிரியராயிருந்த வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்பவரை அணுகி, இவ்வினாவைத் தம் மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்குமாறு நான்சன் கேட்டுக்கொண்டார். பியர்க்னெஸ் அழைத்த மாணவரே எக்மன்.

எக்மன் 1874ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமிற் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் கடலாராய்ச்சியில் ஈடுபட்டவர். மகன் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்றார். பாய்பொருள்களின் இயக்கம் பற்றிய பியர்க்னெஸின் விரிவுரைகளே அவருடைய நாட்டத்தை நீரின்பால் திருப்பின. பேராசிரியர் வினாவை எடுத்துரைத்த அன்று மாலையே மாணவர் விடையுடன் திரும்பி வந்தார் என்று சொல்லப்படுகின்றது. இத்தகைய கதைகள் வாய்க்கு வாய் மாறும்போது மெருகேறுதல் இயல்பு. ஆயினும் இக்கதையில் நம்பமுடியாதது ஒன்றுமில்லை. கணித முறைகளை அறிந்த ஒருவருக்குச் சமன்பாட்டை எழுதுவதே அரிது. எழுதியபின் தீர்ப்பது எளிது. இன்று அதே கணக்கு இத்துறை மாணவர்க்கு வீட்டுப்பாடமாக அளிக்கப்படுகின்றது.

அவ்விடையை ஓர் ஏட்டுச் சுவடியைக் கொண்டு விளக்கலாம். ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்ட சுவடியொன்றின் மேலோலையைக் கையால் தள்ளினால், உராய்வினால் அது தனக்குக் கீழுள்ளதைச் சிறிது இழுக்கும். அது அடுத்ததை இன்னும் சிறிது இழுக்கும். கடலின் நீர்ப்படைகளும் அவ்வாறே. காற்று மேற்படையை இழுக்கின்றது. மேற்படை கீழ்ப்படையை இழுக்கின்றது. ஆனால் ஒவ்வொரு படையும் பூமியின் சுழற்சியால் வலப்புறம் ஒதுக்கப்படுகின்றது. எக்மனின் கணக்கின்படி மேற்பரப்பு நீர் காற்றுக்கு 45 பாகை வலப்புறமாகச் செல்லும். கீழே செல்லச் செல்ல வேகம் குறையும். திசையும் மேன்மேலும் வலப்புறமாகத் திரும்பும். ஓர் ஆழத்தில் நீர், மேற்பரப்பு நீர் செல்லும் திசைக்கு நேரெதிராகவே நகரும். அங்கே அதன் வேகம் மேற்பரப்பு வேகத்தில் ஏறத்தாழ இருபத்துமூன்றில் ஒரு பங்கே. சுவடியின் ஓலைகளை ஒவ்வொன்றாகச் சிறிது திருப்பி அடுக்கினாற்போல ஒரு சுருள் தோன்றுகின்றது. இதனையே எக்மன் சுருள் என்பர்.

இன்னொரு முடிவு இதனினும் வியப்பானது. சுருளின் எல்லாப் படைகளிலும் செல்லும் நீரைக் கூட்டிப் பார்த்தால், மொத்த நீரும் காற்றுக்குச் செங்குத்தாக, 90 பாகை வலப்புறமாகச் செல்கின்றது. வடக்கு நோக்கி வீசும் காற்று, கடலைக் கிழக்கே தள்ளுகின்றது! படகோட்டியின் கண்ணுக்குத் தெரியாத உண்மை இது. அவனுக்குத் தெரிவது மேற்பரப்பின் அசைவு மாத்திரமே.

இனித்தான் மாணவரின் உண்மையான சோதனை தொடங்கியது. எக்மன் தம் சமன்பாட்டிலே நீரின் பிசுக்குமைக்கு, ஆய்வுகூடத்தில் அளந்தறிந்த எண்ணை இட்டுப் பார்த்தார். அவ்வாறு கணித்தால், எத்துணைப் பெருங்காற்று வீசினும் அதன் வலிமை அரை மீற்றர் ஆழத்துக்குள் அடங்கிவிடவேண்டும் என்ற விடை வந்தது. முழங்காலளவு நீருக்குக் கீழே கடல் காற்றை அறியாது என்று எந்த மாலுமி ஒப்புவான்? அழகிய சமன்பாடு ஒருபுறம், கண்கண்ட கடல் மறுபுறம். இத்தகைய கட்டத்திலே சமன்பாட்டைக் காப்பாற்றும் பொருட்டுக் கடலைக் குறைகூறும் மாணவரும் உண்டு. சமன்பாட்டையே வீசியெறிபவரும் உண்டு. எக்மன் இரண்டையும் செய்யவில்லை. ஆய்வுகூடப் பாத்திரத்தில் நீர் அமைதியாக வழுக்கிச் செல்கின்றது. கடலிலோ அது சுழித்தும் கொந்தளித்தும் ஓடுகின்றது. சுழிகள் மேல்நீரைக் கீழும் கீழ்நீரை மேலும் கொண்டுசெல்வதால், படைக்கும் படைக்கும் இடையிலுள்ள உராய்வு பன்மடங்கு பெருகுகின்றது. எனவே கடலுக்கு உரிய பிசுக்குமை ஆய்வுகூட எண் அன்று. அதனைக் கடலிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் கண்டார். அப்போது சுருளின் ஆழம் அரை மீற்றரிலிருந்து பல பத்து மீற்றர்களாக விரிந்தது. ஒரு மாலையிற் கிடைத்த விடையைவிட இந்தத் தெளிவே அவருடைய மேதைமைக்குச் சான்று. அவருடைய ஆய்வு 1902இல் வெளியாயிற்று. விரிந்த ஆங்கிலக் கட்டுரை 1905இல் வெளிவந்தது.

பிராம் கப்பல் அவருக்கு இன்னொரு புதிரையும் அளித்தது. 1893 ஓகஸ்ட் மாதத்தில், சைபீரியக் கரையோரமாகச் சென்றபோது, அமைதியான நீரிலே இயந்திரம் முழுவலிமையுடன் இயங்கியும் கப்பல் முன்னேற மறுத்தது. யாரோ பின்னிருந்து பிடித்திழுப்பதுபோல் நின்றது. மாலுமிகள் இதனைச் செத்த நீர் என்று அழைத்தனர். எக்மன் கண்ணாடித் தொட்டியிலே உப்புநீரின்மேல் நன்னீரைப் படைபோல ஊற்றி, சிறிய மாதிரிக் கப்பலை அதன்மேல் இழுத்துப் பார்த்தார். மேற்பரப்பு சலனமின்றி இருந்தது. ஆனால் இரு நீர்களும் சந்திக்கும் எல்லையிலே பெரிய அலைகள் எழுந்தன. கப்பலின் வலிமை கண்ணுக்குத் தெரியாத அந்த அலைகளை எழுப்புவதிலேயே செலவாகிவிட்டது. உருகிய பனிக்கட்டியின் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்ததே பிராமின் தொல்லைக்குக் காரணம்.

பட்டம் பெற்றபின் எக்மன், நான்சனின் தலைமையில் கிறிஸ்தியானியா நகரில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், அமைந்த சர்வதேச ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். ஆழத்திலுள்ள நீரோட்டத்தை அளக்க அவர் அங்கே அமைத்த கருவி வேடிக்கையானது. நீரிற் சுழலும் சிறு சக்கரம் ஒன்று வேகத்தை எண்ணும். இடையிடையே சிறு வெண்கல உருண்டை ஒன்று விழுந்து, திசைகாட்டி முள்ளின் வழியே உருண்டு, கீழேயுள்ள பெட்டியின் 36 அறைகளுள் ஒன்றிற் போய்த் தங்கும். ஒவ்வோர் அறையும் 10 பாகையைக் குறிக்கும். கருவியை மேலே இழுத்து, எந்த அறையில் எத்தனை உருண்டைகள் உள்ளன என்று எண்ணினால் நீரோட்டத்தின் திசை தெரியும். மின்சாரம் எதுவுமின்றி இயங்கிய இக்கருவி பல பத்தாண்டுகள் உலகக் கப்பல்களிற் பயன்பட்டது.

இனி நேயர்கள் எதிர்பார்ப்பது, தாம் ஆக்கிய கருவியைக் கொண்டு தாம் கணித்த சுருளை எக்மன் கடலிற் கண்டார் என்பதாகும். அது நடைபெறவில்லை. நங்கூரமிட்ட கப்பலும் ஆடுகின்றது, அசைகின்றது. காற்று மணிக்கு மணி மாறுகின்றது. கடலோ பழைய காற்றை மறக்குமுன் புதுக்காற்று வந்துவிடுகின்றது. வற்றுப்பெருக்கின் ஓட்டம் இவற்றோடு கலக்கின்றது. இந்தக் கலவையிலிருந்து மெல்லிய ஒரு சுருளைப் பிரித்தெடுத்தல் சந்தை இரைச்சலில் ஒரு குழந்தையின் முணுமுணுப்பைக் கேட்பது போன்றது. 1910இல் லுண்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகிய எக்மன், 1930இல் அர்மௌவர் ஹன்சன் என்ற ஆராய்ச்சிக் கப்பலில், ஒரே திசையிற் காற்று நிலைத்து வீசும் வியாபாரக் காற்று மண்டலத்துக்குச் சென்று அளந்தார். அவ்வளவைகளின் முழுமுடிவு வெளியானது 1953இல். இடையே உலகப்போர் குறுக்கிட்டது. அடுத்த ஆண்டே, 1954 மார்ச் மாதத்தில், அவர் காலமானார். மாணவப் பருவத்திற் கணித்த சுருளை ஐயத்துக்கிடமின்றி அளந்து காட்டிய நாளை அவர் காணவில்லை.

துருவக் கடலில் மிதக்கும் பனிக்கட்டி நிலையத்திலிருந்து எடுத்த அளவைகளில் அச்சுருள் தெளிவாகத் தோன்றியதை 1966இல் வெளியான ஒரு கட்டுரை காட்டியது. அலையெழாத பனிக்கட்டியின் கீழே கடல் தன் இரகசியத்தைச் சிறிது எளிதாக வெளியிட்டது போலும். திறந்த கடலிலோ இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1982இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் சர்காசோக் கடலில் நங்கூரமிட்ட மிதவை ஒன்று மாதக்கணக்கில் நீரோட்டங்களைப் பதிவுசெய்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், காற்றின் திசை மாறும்போதெல்லாம் தம் கணக்கின் திசையையும் உடன்திருப்பி, நீண்டகாலச் சராசரியை எடுத்தபோது சுருள் வெளிப்பட்டது. 1987இல் அதனை வெளியிட்டனர். எக்மன் கணித்ததைவிட அது தட்டையாக இருந்தது. மொத்த நீர் காற்றுக்குச் செங்குத்தாகச் செல்லும் என்ற முடிவு மாத்திரம் மிக நெருங்கி ஒத்துவந்தது. மாலையொன்றிற் பிறந்த கணக்கு, திறந்த கடலிலே சரிபார்க்கப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சென்றது.

இத்துறையைத் தேர்ந்துகொள்ளும் இளைஞர் எதனைப் பணயம் வைக்கிறார் என்பது இங்கே விளங்கும். வாழ்வின் வலிமைமிக்க ஆண்டுகளைக் கொடுத்துத் தேடும் விடை, தம் காலத்திலேயே சரியென்று நிறுவப்படும் என்ற உறுதி அவருக்கில்லை. பிழைப்புக்கும் உறுதியில்லாத காலம் ஒன்று இருந்தது. வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வால்டர் மங்க் என்பவர், 1939இற் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் நிறுவனத்துக்கு வந்து மாணவராகச் சேர விரும்பியபோது, அதன் பணிப்பாளரும் பியர்க்னெஸின் மாணவருமான ஸ்வேட்ரப், வரும் பத்தாண்டுகளுக்கு இத்துறையில் ஒரு வேலையேனும் காலியாகும் என்று தமக்குத் தோன்றவில்லை என எச்சரித்தாராம். மங்க் அஞ்சவில்லை. சில ஆண்டுகளில் அமெரிக்காவும் உலகப்போரில் இறங்க, படைகள் கரையிறங்குமுன் அலைகளின் உயரத்தை முன்னறிவிக்கும் பணி அவ்விருவரின் கையில் வந்துசேர்ந்தது. மங்க் 2019இற் காலமாகும்வரை கடலை ஆராய்ந்துகொண்டேயிருந்தார்.

இன்றைய மாணவரின் கருவிகள் வேறு. முன்னாளில் உலோகக் குப்பிகளை ஆழத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்த்து நீரெடுத்து, அதன் உப்பை இரசாயன முறையால் ஒவ்வொன்றாக அளந்தனர். இப்போது மின்கடத்துதிறன், வெப்பநிலை, அமுக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே அளக்கும் கருவி கம்பியிற் கட்டி இறக்கப்படுகின்றது. நான்காயிரம் மீற்றர் சென்று மீள இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கப்பலுக்கு நாள்தோறும் பெருஞ்செலவு என்பதால் இரவு என்று ஓய்வதில்லை. பல கப்பல்களில் நள்ளிரவு முதல் நண்பகல் வரை ஒரு சாராரும், நண்பகல் முதல் நள்ளிரவு வரை மற்றொரு சாராரும் முறைவைத்து நிற்பர். மாணவருக்குப் பெரும்பாலும் நள்ளிரவு முறையே வாய்க்கும். கடற்காய்ச்சலால் வாந்தியெடுத்துக்கொண்டே எண்களைக் குறிக்கவேண்டி வருவதும் உண்டு.

கரை திரும்பியபின்தான் நெடும்பணி. எந்த எண் கடலுடையது, எந்த எண் கருவியின் பிழை என்று பிரித்தறிவதிலேயே மாதங்கள் கழியும். உப்பிலும் வெப்பத்திலும் ஆயிரத்திலொரு பங்கு வித்தியாசங்களே ஆழ்கடலில் நீரின் வழியைக் காட்டுவதால் இவ்வேலையை அலட்சியம் செய்தல் இயலாது. கப்பலையே காணாத மாணவரும் இன்று உண்டு. 1999 முதல் கடலில் விடப்பட்டுவரும் ஆர்கோ என்னும் தானியங்கி மிதவைகள் ஏறத்தாழ நான்காயிரம் உலகக் கடல்களிலே திரிகின்றன. அவை ஆயிரம் மீற்றர் ஆழத்தில் மிதந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீற்றர் வரை அமிழ்ந்து மேலெழுந்து, அளந்தவற்றைச் செயற்கைக் கோள்வழியே அறிவிக்கின்றன. எவரும் இலவசமாகப் பெறக்கூடிய அவ்வெண்களைக் கொண்டு ஒரு சிறு நகரிலிருந்தே ஆராய்ச்சி செய்யலாம். இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒருமுறையேனும் கம்பியைப் பிடித்து நின்றவருக்கே எண்ணின் பின்னாலுள்ள கடல் தெரியும் என்று மூத்த ஆராய்ச்சியாளர் கருதுவதும் பொருளற்றதன்று.

எக்மனின் கணக்கு வடதுருவத்துக்கு மாத்திரம் உரியதன்று. இலங்கையின் தென்கரையிலே சோளகக் காற்று ஜூன் முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகின்றது. அதன் வலப்புறம் திறந்த கடல். எனவே கரையோர மேல்நீர் தெற்கே வெளிக்கடலை நோக்கித் தள்ளப்படுகின்றது. அவ்விடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. ஆழ்நீரிலுள்ள உரச்சத்துக்களால் நுண்ணிய கடற்றாவரங்கள் செழித்துப் பெருகுவதைச் செயற்கைக் கோள்கள் எடுக்கும் படங்களில் தெளிவாகக் காணலாம். தாவரங்கள் உள்ள இடத்தில் மீனும் சேரும். அதே பருவத்தில் கிழக்கு நோக்கிச் செல்லும் பெருநீரோட்டம் அந்நீரை வங்காள விரிகுடாவினுள் எடுத்துச் செல்கின்றது.

வங்காள விரிகுடாவில் எக்மனின் இரு புதிர்களும் ஒருங்கே சந்திக்கின்றன. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகளும் பருவமழையும் கொட்டும் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. திறந்த கடலின் ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. விரிகுடாவின் வடபகுதியில் மழைக்காலத்தின்பின் மேல்நீரில் அதனினும் பல கிராம் குறைவு. இப்படை, செத்த நீரின் படையைப் போலவே, கீழுள்ள நீரோடு எளிதிற் கலவாது. ஆகவே காற்றின் வலிமை ஆழத்திற் பரவாது அம்மெல்லிய படையிலேயே தங்குகின்றது; வெயிலின் வெப்பமும் அங்கேயே தேங்குகின்றது. அவ்வெப்பமே மழைமேகங்களுக்கும் புயல்களுக்கும் ஊட்டம். மேலும், நிலநடுக்கோட்டை அணுக அணுகப் பூமிச் சுழற்சியின் விளைவு நலிந்து, கோட்டிலே முற்றாக மறைந்துவிடுவதால், எக்மனின் சமன்பாடு இப்பகுதியில் தன் எல்லைக்கருகே நின்று தள்ளாடுகின்றது. காற்றின் வலிமை அந்த நன்னீர்ப் படையை எப்போது, எவ்வாறு கிழித்துக் கீழே இறங்குகின்றது என்பதை அளப்பதற்காகவே இந்தியா, இலங்கை, அமெரிக்கா முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளரும் அவர்தம் மாணவரும் அண்மைக் காலத்திலே பருவத்துக்குப் பருவம் இவ்விரிகுடாவிற் கருவிகளை இறக்கி வந்துள்ளனர்.